சிறுவர் கால்பந்துக் கழகம் தொடங்குவோருக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓசூரிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ குழந்தைகளுக்கான கால்பந்துக் கழகம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மைதானம், ஜெர்சி, கோப்பை என்ற வரிசையில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டி வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இந்த ஆண்டு ஜூன் மாதம் சேர்ந்த குழந்தை அடுத்த ஆண்டு ஜூன் மாதமும் தானாக விரும்பி வருமா? கழகம் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், அது மைதானத்தைப் பற்றியதானாலும் கட்டணத்தைப் பற்றியதானாலும், இந்தக் கேள்வியை வைத்து அளந்தால் பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

கொள்கையை முதலில் எழுதுங்கள்

பந்து வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தில் கழகத்தின் கொள்கையைத் தமிழில் எழுதிவிடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியாக இருந்தால் தெலுங்கிலும் கன்னடத்திலும், தேவைப்படும் இடத்தில் உருதுவிலும் அதே பக்கத்தை எழுதிக்கொள்வது நல்லது. அதில் நான்கைந்து உறுதிமொழிகள் போதும். வருகிற ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்கும். 12 வயதுக்குக் கீழ் யாரும் ஒரே இடத்தில் நிலையாக ஆட வைக்கப்பட மாட்டார்கள். எல்லாரும் கோல்கீப்பராகவும் நிற்பார்கள், முன்வரிசையிலும் ஆடுவார்கள். தவறு செய்ததற்காக ஓட்டமோ தோப்புக்கரணமோ தண்டனையாகத் தரப்படாது. பணம் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையும் திருப்பி அனுப்பப்படாது.

இதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் டோர்னமென்ட் அரையிறுதியில் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, திறமை குறைந்த பையனை வெளியே இழுக்கச் சொல்லி நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். அந்த நேரத்தில் கொள்கையை யோசித்து உருவாக்க முடியாது; ஏற்கெனவே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதைக் காட்டிக் கடைப்பிடிக்க முடியும்.

இது வெற்றியை விரும்பாதவர்களின் கொள்கை என்று சிலர் சொல்லக்கூடும். நார்வேயில் குழந்தைகளுக்கு 11 வயதாகும் ஆண்டுவரை போட்டி முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய அளவிலான சாம்பியன்ஷிப்பும் இல்லை. நட்சத்திரக் கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்தது அந்த நாட்டில்தான். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவும் விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகவே பேசுகிறது.

யார் யார் வேண்டும்

தொடக்கத்தில் ஐந்தாறு பெரியவர்கள் போதும். ஆனால் ஒருவரே பயிற்சியாளர், பொருளாளர், வேன் ஓட்டுநர் என எல்லாமாகவும் இருக்கக் கூடாது. அப்படி நடக்கும் கழகங்கள் அந்த ஒருவருக்கு வேலை மாற்றம் வந்ததும் மூடப்படுகின்றன. பயிற்சிக்கு இருவர், கணக்குக்கு ஒருவர், குழந்தைப் பாதுகாப்புக்கு ஒருவர், பெற்றோருடன் பேச ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இவர்களில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. களத்தில் ஒரு அக்கா இல்லையென்றால் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

பயிற்சியாளர் நல்ல ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியரோ, கல்லூரி அணியில் ஆடிய இளைஞரோ, கற்றுக்கொள்ளும் மனம் இருந்தால் போதும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி லைசென்ஸ் என்ற தொடக்கநிலைப் பயிற்சியை ஒருவராவது முதல் ஓராண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. முதலுதவிப் பயிற்சியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அது முதல் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மைதானம்

முழு அளவு மைதானத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. குழந்தைகளின் ஐவர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 37 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் போதும். எழுவர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 55-க்கு 37 மீட்டர். அரசுப் பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்தப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி தருவதாகச் சொன்னால் பேச்சு எளிதாகும். மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரை அணுக வேண்டும். ஊராட்சிப் பொது இடமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுவது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடக்கும் சபைக்குப் பெற்றோரையே அழைத்துச் சென்று கேட்க வையுங்கள்.

வறண்ட ஏரிப்படுகைகளில் ஆடும் வழக்கம் இங்கே உண்டு. இடம் அகலமாகக் கிடைக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாமல் பெய்தால் அக்டோபருக்குப் பிறகு மாற்று இடம் தேட வேண்டியிருக்கும் என்பதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும். எந்த இடமானாலும் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து ஒரு பெரியவர் நடந்து பார்க்க வேண்டும். சீமைக் கருவேல முள் செருப்பையே துளைக்கும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் நிறைந்த ஊர்களில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இணையான பாதுகாப்பு வேறில்லை. உடைந்த பாட்டில் துண்டுகளையும் பார்த்தீனியச் செடிகளையும் அகற்றுவது இதே நடையில் முடிந்துவிடும். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் பிடுங்கக் கூடாது.

கோடு போடுவதற்குச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் புண்ணாகும். வெள்ளைக் கல்லை அரைத்த கோலமாவு மலிவாகக் கிடைக்கிறது, கோடும் நன்றாகத் தெரிகிறது. கோல்கம்பங்கள் 12 அடி அகலமும் 6 அடி உயரமும் இருந்தால் போதும். இரும்பில் செய்து நிறுத்தி வைப்பதாக இருந்தால் தரையில் கட்டாயம் பிணைக்க வேண்டும்; பிணைக்கப்படாத கம்பம் சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகள் உலகின் பல இடங்களில் நடந்துள்ளன. சவுக்குக் கம்பை ஊன்றியோ பிளாஸ்டிக் குழாயை இணைத்தோ செய்தாலும் குழந்தைகள் அதில் தொங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இந்த இரு மாவட்டங்களிலும் தனியாகச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த பற்களோடு பயிற்சிக்கு வரும் குழந்தைகளைப் பார்த்தாலே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். எனவே மைதானத்து போர்வெல் குழாயைத் திறந்துவிட்டுக் குடிக்கச் சொல்லாமல், ஒகேனக்கல் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

பதிவும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதிவு செய்யலாம். பதிவுக்குப் பிறகு சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு ஆகியவற்றை உடனே பெறுங்கள். தனிப்பட்டவரின் ஜிபே எண்ணுக்குக் கட்டணம் வாங்கும் பழக்கம் முதல் மாதத்திலேயே தொற்றிக்கொள்ளும். அதை அனுமதித்தால் பிறகு நிறுத்துவது கடினம். மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணைவதும், அகில இந்தியக் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் குழந்தைகளைப் பதிவதும் அதிகாரப்பூர்வப் போட்டிகளுக்குச் செல்லும் கட்டத்தில் தேவைப்படும்.

ஓசூர் சிப்காட் பகுதியில் தொழிற்சாலைகள் இருப்பதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேட்கலாம், ஊரக விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் நிறுவனச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆனால் அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், இந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதை நம்பித் திட்டமிடாமல், உள்ளூர் மாம்பழ மண்டிக்காரர், மருந்துக் கடைக்காரர், வெளியூரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் ஆகியோரிடம் ஆளுக்கு இரண்டு பந்து கேட்பது விரைவில் பலன் தரும். பனியனில் பெயர் போடச் சொல்லி மது, புகையிலை, சூதாட்டச் செயலி விளம்பரம் எது வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

குழந்தைப் பாதுகாப்பு

இதில் சமரசம் கிடையாது. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையுடன் தனியாக அறையிலோ வாகனத்திலோ இருக்கக் கூடாது. குழந்தையின் கைபேசிக்குப் பயிற்சியாளர் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. எல்லாச் செய்தியும் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கே போக வேண்டும். உடை மாற்றும் இடத்தில் படம் எடுக்கக் கூடாது. போக்சோ சட்டம், 2012-இன்படி பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் சட்டம் அதை ஏற்காது என்பதை நிர்வாகிகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மைதானத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். குழந்தைகளிடம் அது எதற்கு என்று சொல்லவும் செய்யுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் எண்ணோடு, உண்மையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணையும் கேளுங்கள். பெங்களூரு, திருப்பூர் பக்கம் வேலைக்குப் போன பெற்றோரின் குழந்தைகள் பாட்டி தாத்தாவிடம் வளரும் வீடுகள் இங்கே நிறைய. மைதானத்தில் கால் பிசகினால் முதலில் வரப்போவது அந்தப் பாட்டிதான்.

வயது, பந்து, ஆட்ட அளவு

எட்டு வயதுக்குக் கீழ் 3-ஆம் எண் பந்து, எட்டு முதல் பன்னிரண்டு வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5-ஆம் எண். ஏழு வயதுக் குழந்தையின் காலில் 5-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் அது உதைக்கக் கற்காது. விரல் நுனியால் குத்தத்தான் கற்கும். ஆளுக்கொரு பந்து இருப்பது சிறப்பு. இருவருக்கு ஒன்று என்பதற்குக் கீழே போகாதீர்கள்.

ஆறு, ஏழு வயதில் மூவருக்கு மூவர், எட்டு முதல் பத்து வரை ஐவருக்கு ஐவர், பத்து முதல் பன்னிரண்டு வரை எழுவருக்கு எழுவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குறைந்தால் பந்து அடிக்கடி காலுக்கு வரும் என்ற எளிய காரணம்தான். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து சிறு குழந்தைகளின் ஆட்டத்தைச் சிறு களங்களுக்கு மாற்றியதும் இதற்காகவே. தலையால் முட்டுவதைச் சிறு வயதில் கற்றுத் தர வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 10 வயதுவரை அதைத் தடை செய்திருக்கிறது.

குழுப் பிரிக்கும்போது பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஆண்டுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள். எட்டு வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்திலும் வேகத்திலும் பெரிதாகத் தெரியும். பலரும் அதைத் திறமை என்று எண்ணி ஜனவரிப் பையனைக் கொண்டாடி, டிசம்பர்ப் பையனை ஓரமாக உட்கார வைக்கிறார்கள். வயதைக் குறைத்துப் பதிவு செய்யச் சொல்லும் பெற்றோரும் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்காதீர்கள்.

ஒரு மணி நேரப் பயிற்சி

ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 முதல் 7 வரை. பள்ளி நாள்களில் மாலை 4.45-க்கு மேல். வாரம் இரண்டு நாள் பயிற்சி, ஒரு நாள் ஆட்டம் போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் இடைவேளை. கோடைமழைக் காலத்தில் இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது. மரத்தடி ஒதுங்கும் இடமல்ல.

மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓட வைத்துத் தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வந்த குழந்தை வந்தவுடன் பந்தோடு ஆடட்டும். முதல் பத்து நிமிடத்துக்கு நம் தெரு விளையாட்டுகளே போதும். கல்லா மண்ணா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கோலமாவால் நாலைந்து வட்டம் போடுங்கள், அவை கல், மற்ற இடமெல்லாம் மண். ஒவ்வொரு குழந்தையும் பந்தைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டே கல்லிலிருந்து கல்லுக்கு ஓட வேண்டும். பிடிப்பவனுக்குப் பந்து இல்லை. தலையை உயர்த்திப் பார்க்காத குழந்தை பிடிபடும். "தலையைத் தூக்கு" என்று ஒருமுறைகூடக் கத்தாமல் தலையைத் தூக்கக் கற்றுவிடுகிறார்கள். கிளித்தட்டு இதைவிட ஒரு படி மேல். காவல் நிற்பவனை ஏமாற்றிக் கோட்டைக் கடப்பதில், பந்தைக் காலோடு கொண்டு எதிராளியைக் கடக்கும் ட்ரிபிளிங்கின் சாரமே இருக்கிறது.

அடுத்த பத்து நிமிடம் உடலைப் பழக்குவதற்கு. 7 முதல் 13 வயதினருக்கான ஃபிஃபா 11+ கிட்ஸ் என்ற காயத்தடுப்புப் பயிற்சிகள் நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதிக்கப்பட்டபோது காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒற்றைக் காலில் சமநிலை, சரியாக விழுந்து எழுதல் போன்றவை அதில் உண்டு. பிறகு இருபது நிமிடம் ஒரே ஒரு திறனைச் சிறு ஆட்டமாக. மீதி முழுவதும் ஆட்டம். வரிசையில் நின்று முறை வருவதற்காகக் காத்திருக்கும் பயிற்சி எதுவானாலும் அதை மாற்றியமையுங்கள். பத்துப் பேர் வரிசையில் ஒரு குழந்தை ஆடுவதைவிட நிற்பதுதான் அதிகம்.

முடிந்ததும் வேகவைத்த கடலையோ வாழைப்பழமோ ராகிக் கூழோ கொடுத்தால் போதும். பாட்டில் பானங்கள் தேவையே இல்லை.

பேசும் முறை

இந்தக் கொள்கை முழுவதும் கடைசியில் பயிற்சியாளரின் வாயில் வந்து நிற்கிறது. களத்தின் ஓரத்திலிருந்து "பாஸ் பண்ணுடா, அடிடா, ஓடுடா" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தை ஆட்டத்தைப் பார்க்காது, பயிற்சியாளரின் முகத்தைத்தான் பார்க்கும். பந்தை இழந்து திரும்பி வரும் பையனிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

"தம்பி, அந்தப் பந்து வர்றதுக்கு முன்னாடி யாரைப் பார்த்தே?"

"யாரையும் பார்க்கல சார்."

"சரி. அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாரு. அது போதும்."

ஒரு கேள்வி, ஒரு வேலை, அவ்வளவுதான். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு குறிப்புக்கு மேல் தங்காது. பாராட்டும்போது "சூப்பர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அவன் விழுந்ததும் நின்னு கை கொடுத்தே பாரு" என்று நடந்ததைச் சுட்டிச் சொன்னால் மனத்தில் பதியும். உடல் நிறம், பருமன், சாதி, ஊர், வீட்டு மொழி ஆகியவற்றைத் தொட்ட பட்டப்பெயர்கள் விளையாட்டாகக்கூட நுழையக் கூடாது. முதல் முறையே நிறுத்தாவிட்டால் அது அணியின் வழக்கமாகிவிடும்.

பெண் குழந்தைகள்

கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய மகளிர் அணிக்குச் சென்றதைச் சொன்னால் பெற்றோர் வியப்பார்கள். ஆனால் அனுப்புவதற்கு அவர்களுக்கு வேண்டியது வேறு. இருட்டுவதற்குள் பயிற்சி முடியுமா, கழிப்பறை இருக்கிறதா, யார் கூட வருவார்கள் என்பவைதான் அவர்களின் கேள்விகள். பேருந்து நேரத்தைப் பார்த்துப் பயிற்சி நேரத்தை வையுங்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அம்மாவோ அத்தையோ உடன் வருவது செலவாகாது. அரைக்கால் சட்டை கட்டாயம் என்று விதி வைக்காதீர்கள். முழுக்கால் டிராக் பேண்டிலும் தலைத்துணியுடனும் நன்றாகவே ஆடலாம். மாதவிடாய் நாள்களில் வரலாமா கூடாதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். நாப்கின் ஒரு பையில் எப்போதும் இருக்க வேண்டும், அதை அக்காவிடம் கேட்டால் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோரும் போட்டிகளும்

சேர்க்கையின் முதல் வாரத்தில் ஒரு கூட்டம் நடத்துங்கள். தொழிற்சாலை ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்காக ஞாயிறு காலையில் வைத்தால் வருவார்கள். அந்த ஒரு பக்கக் கொள்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "ஏங்க சார், எங்க பையன் நல்லா ஆடுறான், அவனை எதுக்கு வெளியே உட்கார வைக்கிறீங்க?" என்று பிற்பாடு ஒரு அப்பா வரும்போது, ஆட்டம் முடிந்த பரபரப்பில் பதில் சொல்லாமல் மறுநாள் பேசலாம் என்று சொல்லுங்கள். மறுநாள் பாதிக் கோபம் போயிருக்கும். களத்தின் ஓரத்திலிருந்து பெற்றோர் கைதட்டலாம், கட்டளை இடக் கூடாது. ரெஃப்ரியிடம் யாரும் சண்டைக்குப் போகக் கூடாது.

பொங்கலையும் ஊர்த் திருவிழாக்களையும் ஒட்டி ரொக்கப் பரிசுப் போட்டிகள் நடக்கும். 12 வயதுக்குக் கீழுள்ளவர்களை அவற்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பணம் நடுவில் வந்தவுடன் எல்லாருக்கும் பாதி நேரம் என்ற விதிதான் முதலில் உடைகிறது. அதற்குப் பதிலாக, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், பர்கூர் என அருகருகே உள்ள ஊர்க் குழுக்களைச் சேர்த்து மாதம் ஒரு ஞாயிறு விழா நடத்தலாம். குழந்தைகள் கலந்து அணி பிரியட்டும். பத்து நிமிட ஆட்டங்கள். இறுதிப் போட்டி வேண்டாம், வரிசைப் பட்டியலும் வேண்டாம். எத்தனை கோல் என்று குழந்தைகள் எண்ணத்தான் செய்வார்கள், எண்ணட்டும். 13 வயதுக்கு மேல் முதலமைச்சர் கோப்பை, பள்ளி விளையாட்டுப் போட்டிகள் எனக் கடுமையான களங்கள் காத்திருக்கின்றன. அப்போதும் பாதி நேர விதியைத் தளர்த்துவதா என்பதைக் குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஆண்டு முடிவில்

ஏப்ரலில் கணக்கை எல்லாப் பெற்றோர் முன்னும் வாசியுங்கள். கோப்பைகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டை எடுத்து, ஜூனில் சேர்ந்தவர்களில் யார் யார் நின்றுவிட்டார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்கள். நின்றவர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒருவர் போன் செய்ய வேண்டும். குறை கேட்பதற்காக, திரும்பி வரச் சொல்லி வற்புறுத்துவதற்காக அல்ல. டியூஷன், ஷூ வாங்க முடியாதது, ஒரு பெரிய பையனின் கிண்டல், பேருந்து நேரம் மாறியது எனக் காரணங்கள் வரும். அவற்றில் கழகத்தால் சரிசெய்யக்கூடியவற்றை மட்டும் தனியாக எழுதி, மே மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள். ஜூன் சேர்க்கை அதற்குப் பிறகுதான்.